ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலம் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு 12 வாரப் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியருக்கானது இது. வகுப்பில் 45 பேர், ஒரு கரும்பலகை, இலவசப் பாடநூல், 40 நிமிடப் பீரியட்: இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட திட்டம். ஹைடெக் லேப் உள்ள பள்ளியிலும் அதை நம்பித் தொடங்க வேண்டாம். நெட் வராத நாளில் பயிற்சியும் நின்றுவிடும்.

12 வார முடிவில் பிள்ளை சின்னச் சொற்களைத் தானே கூட்டி வாசிக்க வேண்டும், ஐந்து வரிப் பத்தியைத் தடுமாறியாவது முடிக்க வேண்டும், தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டும். இதற்கு மேல் ஆசைப்பட்டால் பாதியில் கைவிட நேரும். இலக்கணம் பின்னால்தான் வருகிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு டென்ஸ் நடத்துவது பாடக்குறிப்பேட்டை நிரப்ப மட்டுமே உதவும்.

இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். பலகையில் நீங்கள் ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். தமிழில் எழுதும்போது இரண்டு ‘பி’யும் இரண்டு ‘டி’யும் குழம்பும். அதனால் பேனா என்ற பொருளில் வரும் பென் சொல்லின் முதலெழுத்தைப் பென்-பி என்றும், பந்து என்ற பொருளில் வரும் பால் சொல்லின் முதலெழுத்தைப் பால்-பி என்றும் குறிக்கிறோம். அதேபோல் பத்தைக் குறிக்கும் டென் சொல்லுக்கு டென்-டி, நாயைக் குறிக்கும் டாக் சொல்லுக்கு டாக்-டி.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

ஆளுக்கொரு நாலு கோடு நோட்டு வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நாலு கோடா என்று பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். அட்டை போட்டு ‘டிக்டேஷன் நோட்டு’ என்று எழுதிவிட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். எந்த எழுத்து மேல் கோட்டைத் தொடுகிறது, எது கீழே இறங்குகிறது என்பது கையில் பதியாதவரை பால்-பி, டாக்-டி, பென்-பி, க்யூ நான்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

எழுத்து அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். பொடி எழுத்துகள் 26-க்கும் இரண்டு செட், ஈரெழுத்துச் சேர்க்கைகளுக்குப் பத்து அட்டை. ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அளவுக்கு, மார்க்கரில். பால்பாயின்ட் பேனாவில் எழுதினால் மூன்றாவது பெஞ்சுக்கே தெரியாது.

வாசிப்பதற்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து மூன்றாம், நான்காம் வகுப்புப் பழைய ஆங்கிலப் பாடநூல்கள் பத்துப் பன்னிரண்டு வாங்கி வையுங்கள். மேலட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. 14 வயதுப் பையன் ‘மூணாங்கிளாஸ் புக்’ என்று பார்த்துவிட்டால் கையில் எடுக்க மாட்டான்.

கடைசியாக எச்.எம்.மிடம் பேசி, பீரியடில் முதல் 20 நிமிடம் இதற்கு என்று ஒப்புதல் வாங்குங்கள். நோட்ஸ் ஆஃப் லெசன் என்ற பாடக்குறிப்பேட்டிலும் அப்படியே எழுதிவிடுங்கள். பார்வைக்கு வரும் அலுவலர் ‘சிலபஸ் எங்கே?’ என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தப் பக்கம் வேண்டும்.

2. கண்டறியும் வாரம்: யார் எங்கே நிற்கிறார்கள்?

மாதத் தேர்வு மார்க்கை வைத்துப் பிரிக்காதீர்கள். பலகையைப் பார்த்து அழகாக எழுதும் பிள்ளை 40 மார்க் வாங்கியிருக்கும். அதே பக்கத்தை வாசி என்றால் நின்றுவிடும். ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்க வைப்பதுதான் வழி.

ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் போடுங்கள். முதலில் பெரிய எழுத்து பத்து, அடுத்து பொடி எழுத்து பத்து, பிறகு மூன்றெழுத்துச் சொல் பத்து, எளிய வாக்கியம் நான்கு, ஐந்து வரிப் பத்தி ஒன்று. முதல் நான்கும், பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் ஏசர் ஆய்வு ஆங்கிலத்துக்குப் பயன்படுத்தும் வரிசையேதான். பத்துச் சொற்களில் மூன்றைப் பொருளில்லாத சொற்களாக வையுங்கள்: பிம், டேஸ், நாப் என்பதுபோல. கேட், ரேட் என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை இந்த மூன்றில் மாட்டிக்கொள்ளும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளை தாண்டிவிடும்.

ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 45 பேருக்கு 135 நிமிடம், அதாவது நான்கு பீரியட். மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அடுத்தவர் காதில் விழும்படி வாசிக்கச் சொன்னால் கூச்சப்படும் பிள்ளை வாயே திறக்காது. கெட்டிக்காரப் பிள்ளை முன்னவன் வாசித்ததைக் கேட்டே ஒப்பித்துவிடும். அதனால் சொற்களை மாற்றி இரண்டு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நாலு வரி தமிழும் வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் தவிர்ப்பது இதைத்தான். தமிழும் தடுமாறுகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவதைத் தொடங்கினால் நடக்காது. மெய்யும் உயிரும் சேரும் கணக்கே அந்தப் பிள்ளைக்குப் பிடிபடவில்லை என்று பொருள். தமிழாசிரியரோடு பேசி அந்தச் சிலருக்கு முதல் ஆறு வாரம் தமிழ் வாசிப்பு. ஆங்கிலத்தில் அவர்கள் காதால் கேட்டு வாயால் சொன்னால் போதும்.

மீதிப் பேரை நான்காகப் பிரியுங்கள்: எழுத்தே தெரியாதவர், எழுத்து தெரிந்து சொல் வராதவர், சொல் வந்து வாக்கியம் ஓடாதவர், வாசிப்பவர். இந்தப் பெயர்களை வகுப்பில் சொல்லாதீர்கள். ‘ஸ்லோ லேர்னர்ஸ் எல்லாம் எழுந்திரு’ என்ற ஒரு வாக்கியம் போதும், அந்தப் பிள்ளைகளை அடுத்த வாரம் முழுக்க லீவு போட வைக்க.

3. தினசரி 20 நிமிடம்

முந்தைய எழுத்துகளை அட்டை காட்டி ஓட்டுவது 3 நிமிடம். புது எழுத்து 5 நிமிடம். பலகையில் சொற்களைக் கூட்டி வாசிப்பது 5 நிமிடம். டிக்டேஷன் 4 நிமிடம். ஜோடி வாசிப்பு 3 நிமிடம்.

இது பீரியடின் தொடக்கத்தில் வர வேண்டும். கடைசிக்குத் தள்ளினால் பாடம் நீண்டுவிடும், பெல் அடித்துவிடும். காலை ஸ்பெஷல் கிளாஸில் வைத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றும். அங்கே வர முடியாமல் போவது பெரும்பாலும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் வீட்டு வேலை முடித்து வரும் பிள்ளைகளும்தான். இந்தப் பயிற்சி தேவைப்படுவதும் அவர்களுக்கே.

4. எழுத்தின் பெயரை விட்டு ஒலிக்கு வருதல்

மொத்தத் திட்டமும் நிற்பது இந்தப் படியில். இங்கே அவசரப்படாதீர்கள்.

பிள்ளைகள் ‘சி, ஏ, டி: கேட்’ என்று பாடமாகச் சொல்லப் பழகியிருக்கிறார்கள். சி, ஏ, டி என்ற மூன்று பெயர்களையும் எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் கேட் என்ற ஒலி வராது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நினைவில் வைத்தாக வேண்டியிருக்கிறது. ஐம்பது சொல்வரை தாங்கும் இந்த முறை, ஒன்பதாம் வகுப்புப் பாடநூலின் ஒரு பக்கத்திலேயே சரிந்துவிடும்.

தமிழ் படித்த பிள்ளைக்குக் கூட்டுவது புதிதல்ல. ம் என்ற மெய்யும் ஆ என்ற உயிரும் சேர்ந்தால் மா என்பது ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. பலகையில் அதையே எழுதிக் காட்டி, பக்கத்தில் ஆங்கில எம் எழுதி, ‘இதுவும் புள்ளி வைத்த ம்தான்’ என்று சொல்லுங்கள். ஆங்கில மெய்யெழுத்து ஒவ்வொன்றும் புள்ளி வைத்த ஒலி. எஸ் என்றால் ஸ், என் என்றால் ந், பென்-பி என்றால் ப். இந்த ஒரு விளக்கம் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

நடக்கும் தவறு ஆசிரியரிடமிருந்தே தொடங்கும். ப் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ப’ அல்லது ‘பு’ என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளை ‘பு-இ-னு’ என்று கூட்டும், ‘பின்’ என்ற சொல் வராது. ட், ப் போன்ற ஒலிகளை நீட்ட முடியாததால் அவற்றோடு ஓர் உயிர் ஒட்டிக்கொள்கிறது. எனவே முதல் இரண்டு நாள் நீட்டக்கூடிய ஒலியில் தொடங்கும் சொற்களை மட்டும் எடுங்கள்: சிட், சேட், நேப். ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிக்கொண்டே, இடையில் மூச்சு விடாமல் ‘இ’க்குப் போய் ‘ட்’டில் நிறுத்த வேண்டும். பலகையில் சொல்லுக்குக் கீழே விரலை இழுத்துக்கொண்டே போங்கள். விரல் நிற்காமல் போனால் குரலும் நிற்காது.

ஏ எழுத்தின் குறுகிய ஒலி தமிழில் இல்லை. ஏ சொல்லும் வாயை ஆ அளவுக்கு அகலத் திறந்தால் வரும். தேன்மொழி என்பதில் உள்ள ஏகாரத்தைப் போல நீட்டினால், பின்னால் மந்திர இ (சொல்லின் கடைசியில் வந்து தான் ஒலிக்காத ஆங்கில இ) வரும்போது குழப்பம் வரும்.

இரண்டு பி, இரண்டு டி, கே–ஜி வேறுபாடு அடுத்த முட்டுக்கட்டை. தமிழில் ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் வேலை செய்வதால் பிள்ளையின் வாய்க்கு வேறுபாடு தெரியும், கண்ணுக்குத் தெரியாது. வாயில் இருப்பதை எடுத்துக் காட்டினால் போதும். பம்பரம் என்று சொல்லச் சொல்லுங்கள்: முதல் ப பென்-பி, இரண்டாவது ப பால்-பி. வட்டியில் டென்-டி, வண்டியில் டாக்-டி. குரங்கில் முதலில் கே, கடைசியில் ஜி. சந்தேகமிருந்தால் வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். பென் சொன்னால் காகிதம் ஆடும், படுக்கையைக் குறிக்கும் பெட் சொன்னால் அவ்வளவாக ஆடாது.

5. எழுத்துகளை எந்த வரிசையில் எடுப்பது?

ஏ-யிலிருந்து இசட் வரை வரிசையாகப் போனால் முதல் வாரம் முடிந்தும் வாசிக்கச் சொற்கள் மிகக் குறைவாகவே கிடைக்கும். நான்கு தொகுதிகளாக, வாரத்துக்கு ஒன்றாக எடுங்கள். கண்டறியும் வாரத்துக்கு அடுத்த வாரத்தை வாரம் 1 என்று கணக்கிடுங்கள்.

வாரம் 1: எஸ், ஏ, டென்-டி, பென்-பி, ஐ, என். ஆறே எழுத்தில் சிட், சேட், டேப், டிப், டின், பின், பேன், நேப், ஆன்ட் எல்லாம் வந்துவிடும். மூன்றாம் நாளே பிள்ளை ஒரு சொல்லைத் தானாக வாசித்துவிடும். அந்த நாளுக்குப் பிறகு வகுப்பை நிர்வகிப்பது சுலபம்.

வாரம் 2: எம், டாக்-டி, ஓ, ஜி, சி, கே. மேன், டாக், பாட், கேட், கிட், மாப்.

வாரம் 3: இ, யு, ஆர், எச், பால்-பி. ரெட், ஹென், ரன், பஸ், கப், பெட். டாக்-டியும் பால்-பியும் வேறு வேறு வாரத்தில் இருப்பது வேண்டுமென்றே. கண்ணாடிப் பிம்பம்போல இருக்கும் இரண்டையும் ஒரே நாளில் ‘வித்தியாசம் பாருங்கள்’ என்று காட்டினால் இரண்டும் சேர்ந்தே பதியும். ஒன்று நன்றாக நின்ற பிறகு மற்றது. ஐ ஒலியும் இ ஒலியும் தள்ளித் தள்ளி வருவதற்கும் இதே காரணம்.

வாரம் 4: மீதி எழுத்துகள். எக்ஸ், க்யூ, இசட் மூன்றுக்கும் ஒரே நாள் போதும்.

வாரம் 5 முழுக்கத் திருப்புதல். புது எழுத்தே வேண்டாம். இந்த வாரத்தைத் தாண்டிப் போக ஆசை வரும். தாண்டினால் வாரம் 8-இல் திரும்ப வர வேண்டியிருக்கும்.

வாரம் 6: ஈரெழுத்து ஓர் ஒலி. கப்பலுக்கான ஷிப், மோவாய்க்கான சின், மெல்லிய என்ற பொருளில் தின், மோதிரத்துக்கான ரிங்.

வாரம் 7: அடுத்தடுத்து மெய். ஸ்டாப், ஹேண்ட், மில்க், டெஸ்க். ‘இஸ்டாப்’ என்று வந்தால் முதல் ஸ் ஒலியைப் பாம்புபோல நீட்டிவிட்டு டாப் சொல்லச் சொல்லுங்கள். இதே வாரத்தில் ஒரு விருந்தும் வைக்கலாம். பலகையில் சி, கே, இ, டென்-டி என்ற நான்கெழுத்து முடிவை மட்டும் பெரிதாக எழுதுங்கள். முன்னால் டென்-டியும் ஐயும் போட்டால் டிக்கெட். அடுத்து பக்கெட், விக்கெட், ராக்கெட், ஜாக்கெட், சாக்கெட். எல்லாமே வீட்டிலும் தெருவிலும் பிள்ளை தினமும் சொல்லும் சொற்கள். பொருள் சொல்லித்தர ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. சட்டைப் பையும் பிஸ்கெட் பொட்டலமும் நம் பேச்சில் ஒரே பாக்கெட்தான். ஆங்கிலத்தில் ஒன்றில் ஓ, மற்றதில் ஏ. பையன்கள் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருங்கள்.

வாரம் 8: மந்திர இ. பின்–பைன், கிட்–கைட், நாட்–நோட், விலங்குக் குட்டியைக் குறிக்கும் கப்–க்யூப் என்று ஜோடியாக. கடைசி இ வாய் திறக்காது, முன்னால் இருக்கும் உயிரைத் தன் பெயரைச் சொல்ல வைக்கும் என்பது விதி. கிவ், ஹேவ் போன்றவை இதற்கு அடங்காது. அவற்றை இந்த வாரம் பலகைக்குக் கொண்டுவராதீர்கள்.

வாரம் 9, 10: இரண்டு உயிர் சேர்ந்து வருபவை. ட்ரீ, மூன், ரெயின், போட். 11, 12 இரண்டும் பத்தி வாசிப்புக்கு.

6. கூட்டி வாசிக்க முடியாத சொற்கள்

தி, வாஸ், செட், தே, ஒன், டூ, யூ, ஆர் போன்றவை விதிக்கு அடங்காதவை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் வருபவை. வாரத்துக்கு ஐந்து, சுவரில் காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். இவற்றை மட்டும் பார்த்தவுடன் சொல்லப் பழக்க வேண்டும். பத்து வாரத்தில் 50 சொல் சேர்ந்துவிடும்.

7. டிக்டேஷனும் ஜோடி வாசிப்பும்

டிக்டேஷனில் தினமும் ஐந்து சொல், ஒரு வாக்கியம். அன்று பலகையில் இருந்த அதே சொற்களைக் கொடுக்காதீர்கள். அதே எழுத்துகளால் ஆன வேறு சொற்களைக் கொடுத்தால்தான் காதில் விழும் ஒலி எழுத்தாக மாறுகிறதா என்று தெரியும். கப்புக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் ஒரு யு சேர்த்து எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். நம் பேச்சில் கப்பு, பஸ்ஸு என்றுதான் சொல்கிறோம், பிள்ளை கேட்டதை எழுதியிருக்கிறது. கடைசி ஒலியோடு உயிர் சேராமல் நிறுத்திக் காட்டினால் போய்விடும்.

45 பேரை ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொன்னால் முழுப் பீரியடிலும் ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைக்காது. ஜோடியாக உட்கார வைத்தால் மூன்று நிமிடத்தில் எல்லோரும் வாசித்துவிடுவார்கள். சற்று நன்றாக வாசிப்பவர் முதலில் ஒரு வரி. மற்றவர் விரல் வைத்துத் தொடர்ந்துவிட்டு அதே வரியைத் தானும் வாசிக்க வேண்டும். வகுப்பிலேயே முதல் பிள்ளையை எழுத்துத் தெரியாத பிள்ளையோடு சேர்க்காதீர்கள். அது பொறுமையிழந்து தானே வாசித்து முடித்துவிடும். ஒரு படி மட்டும் மேலே இருப்பவரே நல்ல ஜோடி. சத்தம் வரும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

8. தமிழில் எழுதி வைத்துப் படிக்கும் பழக்கம்

பாடநூலைத் திறந்து பாருங்கள். ஆங்கில வரிக்கு மேலே பென்சிலில் பொடிப்பொடியாகத் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கும். பிள்ளை வாசிப்பது அந்தத் தமிழைத்தான். தமிழில் டேப் என்றால் குழாயும் நாடாவும் ஒன்று, பின் என்றால் குண்டூசியும் குப்பைத்தொட்டியும் ஒன்று. பிள்ளையின் கண் ஆங்கில எழுத்தின் பக்கம் போகவே தேவையில்லாமல் போய்விடுகிறது.

முதல் நாளே தடை போட்டால் பிள்ளையின் கையில் ஒன்றும் மிஞ்சாது. முதல் மூன்று வாரம் விட்டுவிடுங்கள். நான்காம் வாரத்திலிருந்து, எந்தச் சொல்லைக் கூட்டி வாசிக்க முடிகிறதோ அதற்கு மேலுள்ள பென்சிலை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வாரத்தில் புதுப் பாடத்தில் எழுதுவதை நிறுத்தலாம். கடினச் சொல் நான்கைந்துக்கு மட்டும் ஓரத்தில் எழுத அனுமதி.

9. மீதி 20 நிமிடம்: பாடநூல்

உரைநடைப் பாடம் முழுவதையும் வாசிக்க வைக்க முடியாது. முதலில் தமிழில் மூன்று நிமிடம் கதையைச் சொல்லிவிடுங்கள். பிறகு பாடத்தின் உயிரான எட்டு வரியை மட்டும் குறித்துக் கொடுத்து, நீங்கள் வாசிக்க, பிள்ளைகள் விரல் வைத்துத் தொடர, பிறகு ஜோடியாக வாசிக்கட்டும். வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டே போவது வேண்டாம். அடுத்து தமிழ் வரும் என்று தெரிந்தால் ஆங்கில வரியை யாரும் கேட்பதில்லை.

கேள்வி–பதிலைக் கைடிலிருந்து எழுதிப் போடும் வழக்கத்துக்குப் பதிலாக, ஹூ என்றால் ஆள், வேர் என்றால் இடம், வென் என்றால் காலம் என்ற மூன்றை மட்டும் முதலில் பழக்குங்கள். கேள்வியில் உள்ள பெயர் பாடத்தில் எந்த வரியில் வருகிறது என்று தேடி அடிக்கோடிட வேண்டும். அந்த வரிதான் விடை. வொய், ஹவ் இரண்டும் பத்தாம் வாரத்துக்குப் பிறகு.

10. வாக்கியம்: ‘ஐ ஆம் கோ’ எங்கிருந்து வருகிறது?

ஆறாம் வாரத்தில் வாக்கியம் எழுதத் தொடங்கலாம். இரண்டு சட்டங்கள், அதாவது வாக்கிய அமைப்புகள் மட்டும், இரண்டு வார இடைவெளியில்.

முதல் சட்டம்: யார், என்னவாக இருக்கிறார். ஐ ஆம் எ ஸ்டூடன்ட். மை ஃபாதர் ஈஸ் எ ஃபார்மர். ‘மை ஃபாதர் ஃபார்மர்’ என்று எழுதும் பிள்ளை ‘என் அப்பா விவசாயி’ என்ற சரியான தமிழ் வாக்கியத்தைத்தான் எழுதியிருக்கிறது. தமிழில் அங்கே வினை தேவையில்லை. ஆங்கிலத்தில் ஒரு வினை கட்டாயம் என்பதை இந்த எடுத்துக்காட்டை வைத்தே சொல்லுங்கள்.

இரண்டாவது சட்டம்: யார், என்ன செய்கிறார். ஐ கோ டு ஸ்கூல். வி ப்ளே கபடி. முதல் சட்டத்தில் ஐ ஆம், ஐ ஆம் என்று வாய் பழகிவிட்டதால் இங்கேயும் ஆம் நுழைந்து ‘ஐ ஆம் கோ’ ஆகும். இரண்டு சட்டத்தையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இந்தக் கலப்பு உறுதி. முதல் சட்டம் எழுதாமலே வாயில் வரும் நிலைக்கு வந்த பிறகே இரண்டாவது. கோயிங் சேர்ந்த வடிவம் 12 வாரத்தில் வேண்டாம்.

வரிசையைக் காட்ட ஒரு வழி: மூன்று பேரை முன்னால் நிறுத்தி ஆளுக்கொரு அட்டை கொடுங்கள். ஐ, ஈட், இட்லி. முதலில் தமிழ் வரிசையில் நிற்கட்டும்: நான், இட்லி, சாப்பிடுகிறேன். பிறகு ஈட் அட்டை வைத்திருப்பவர் நடந்து நடுவுக்கு வரட்டும். வினை நகர்வதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு விதி எழுதித் தர வேண்டியதில்லை.

11. நோட்டுத் திருத்துதல்

45 நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரம். தினமும் முடியாது. டிக்டேஷனைப் பக்கத்திலிருப்பவர் நோட்டை மாற்றித் திருத்தட்டும், விடையைப் பலகையில் எழுதுங்கள். வாக்கியங்களை மட்டும் நீங்கள் பாருங்கள், ஒரு நாளைக்கு ஒரு வரிசை பெஞ்ச்.

எல்லாப் பிழையையும் சிவப்பில் சுழிக்காதீர்கள். முதலில் சொல் வரிசை, அடுத்து வினை இருக்கிறதா என்பது, இரண்டோடு நிறுத்துங்கள். ஹி கோ என்பதில் விட்டுப்போன முடிவும், எ, தி போன்றவையும் இப்போதைக்குக் கண்ணில் படாதது போல இருந்துவிடுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்த நோட்டில் அடுத்த நாள் ஒன்றரை வாக்கியம்தான் இருக்கும்.

12. தடங்கல்களுக்கு முன்னேற்பாடு

பயிற்சிக் கூட்டம், தேர்தல் பணி, தேர்வுப் பணி என்று ஆசிரியர் இல்லாத நாட்கள் வரும். நான்கு நாள் விட்டால் வாரம் 1–4 எழுத்துகள் உதிரத் தொடங்கும். வாசிப்பவர் குழுவில் இருவரைப் பழக்கி, அட்டை ஓட்டுவதையும் ஜோடி வாசிப்பையும் அவர்கள் நடத்தும்படி செய்யுங்கள். பதிலுக்கு வரும் ஆசிரியர் எந்தப் பாடக்காரராக இருந்தாலும் பரவாயில்லை.

லீவு எடுத்த பிள்ளைக்கு அதன் ஜோடியே விட்டுப்போன எழுத்துகளை ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். திரும்பி வந்த அன்று அட்டை ஓட்டும் மூன்று நிமிடத்தில் அந்த இருவர் மட்டும் தனியாக அதைப் பார்க்கட்டும்.

பத்தாம் வகுப்பில் ஜூனில் தொடங்கினால் இந்தத் திட்டம் அப்படியே பொருந்தும். ஜனவரியில் தொடங்க வேண்டாம். அந்த நேரத்தில் 35 மார்க்கை எட்டுவதற்கு மனப்பாடப் பாடல், விளம்பரம், கடிதம், படத்தைப் பார்த்து எழுதுவது என்று பிடிமானமுள்ள கேள்விகளை எடுப்பதுதான் நடைமுறை. வாசிப்புக்கு அது மாற்று என்று மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

13. ஆறாம் வாரமும் 12-ஆம் வாரமும்: மறுபடி சோதித்தல்

கண்டறியும் வாரத் தாளையே சொற்களை மாற்றிக் கொடுங்கள். பத்துச் சொல்லில் எட்டு வந்தால் அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். ஐந்துக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு அதே பாடத்தை இன்னும் சத்தமாக நடத்துவதால் பயனில்லை. வேறு காரணம் பார்க்க வேண்டும்.

முதலில் கண். கடைசி பெஞ்சில் உட்கார வைத்துப் பலகை எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு முதல் பெஞ்சில். வேறுபாடு இருந்தால் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் உண்டு. கண்ணாடி வந்த பிறகு போடுகிறார்களா என்றும் பாருங்கள். கேலிக்குப் பயந்து பைக்குள் வைத்திருப்பார்கள். அடுத்து காது. முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பாருங்கள்.

கண்ணும் காதும் சரி, பேச்சிலும் கணக்குப் போடுவதிலும் சுறுசுறுப்பு, தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுத்துகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இதுவும் ஒன்று. முடிவு சொல்வது ஆசிரியர் வேலை அல்ல. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழைத்துக் காட்டுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். சான்று வாங்க மாவட்ட மருத்துவமனைக்குப் பெற்றோர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அலைய வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டால் பத்தாம் வகுப்பு விண்ணப்பத் தேதிக்குள் சான்று கைக்கு வந்துவிடும்.